பௌர்ணமியும் ஒரு பழைய பிலிம் கேமராவும்

பௌர்ணமி அன்று ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்து பாருங்கள். குறைந்தது நாலு பேராவது நிலாவைப் போட்டிருப்பார்கள். அதில் ஒன்றிரண்டு படங்கள் பிரமாதமாக இருக்கும். திட்டுத் திட்டாகக் கருமை, பளிச்சென்று வெண்மை, அங்கங்கே குழிகள்... கீழே "என் போன்ல எடுத்தது" என்று ஒரு வரி வேறு.

அந்த வரி எவ்வளவு தூரம் உண்மை? படத்தை எடுத்தது அந்தப் பையனா, அவன் கையில் இருந்த போனா, இல்லை போனைச் செய்த கம்பெனியா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், பல வீடுகளில் பீரோவுக்குள் தோல் உறையோடு தூங்கிக்கொண்டிருக்கும் பழைய பிலிம் கேமராவிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பழசு மேல் உள்ள ஆசை என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் ஒரு போட்டோ எதற்குச் சாட்சி சொல்கிறது என்று புரிந்துகொள்ள, பிலிமில் பௌர்ணமி நிலாவை எடுத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் இன்றைக்கு வேறு இல்லை.

மங்கலான வட்டம், தெளிவான நிலா

2023 மார்ச் மாதம் ரெடிட் தளத்தில் ஒருவர் ஒரு சோதனை செய்து காட்டினார். நிலாவின் படம் ஒன்றை 170க்கு 170 பிக்சலாகச் சுருக்கி, வேண்டுமென்றே மங்கலாக்கினார். அதைக் கம்ப்யூட்டர் திரையில் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி நின்று சாம்சங் போனில் ஜூம் செய்து எடுத்தார். திரையில் இருந்ததோ கலங்கலான வெள்ளை வட்டம். போனில் வந்ததோ விவரங்களோடு கூடிய நிலா!

திரையிலேயே இல்லாத விவரம் படத்தில் எங்கிருந்து வந்தது? சாம்சங் விளக்கம் கொடுத்தது. போன் முதலில் "இது நிலா" என்று அடையாளம் கண்டுகொள்கிறது. பிறகு, நிலாப் படங்களை வைத்துப் பழக்கிய செயற்கை நுண்ணறிவு, விவரங்களைக் கூட்டிக் காட்டுகிறது. வேறு படம் எதையும் எடுத்து மேலே ஒட்டுவதில்லை, வேண்டாமென்றால் இந்த வசதியை அணைத்துவிடலாம் என்றும் சொன்னது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் எத்தனை பேர் அணைக்கிறார்கள்? அப்படி ஒன்று இருப்பதே எத்தனை பேருக்குத் தெரியும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிலா தன்னைத்தானே சுற்றும் நேரமும் பூமியைச் சுற்றும் நேரமும் ஒன்று. அதனால் அது எப்போதும் நமக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. நம் ஆச்சிகள் பார்த்த வடை சுடும் பாட்டியும் முயலும்தான் இன்றைக்கும் தெரிகின்றன. மாறாத முகம் என்பதால் போனுக்கு அதை மனப்பாடம் செய்வது சுலபமாகிவிட்டது. கேள்வித்தாளைச் சரியாகப் படிக்காமல், "நிலா" என்ற ஒரு வார்த்தையைப் பார்த்ததும் கைடில் உருப்போட்ட பதிலை மடமடவென்று எழுதும் மாணவனைப் போலத்தான் அது. பதில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவன் கேள்விக்குப் பதில் எழுதினான் என்று சொல்ல முடியுமா?

நெகட்டிவ் என்கிற வவுச்சர்

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. லெட்ஜரில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், பின்னால் ஒரு வவுச்சர் இருக்க வேண்டும். வவுச்சர் இல்லாத என்ட்ரியை ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். தொகை சரியா தவறா என்பது அடுத்த விஷயம். முதலில் ஆதாரம்.

பிலிம் கேமராவில் நெகட்டிவ்தான் அந்த வவுச்சர். சூரியனிலிருந்து கிளம்பிய ஒளி நிலாவில் பட்டு, அங்கிருந்து ஒன்றேகால் வினாடியில் பூமிக்கு வந்து, லென்ஸ் வழியாகப் பிலிமில் இருக்கும் வெள்ளி உப்பைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் ரசாயன மாற்றம் நடக்கிறது. நடுவில் "இது நிலாதானே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல யாருமில்லை. படம் மங்கலாக வந்தால் மங்கலாகத்தான் இருக்கும்.

இந்தச் சாட்சிக்கு எவ்வளவு வலு என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஆன்சல் ஆடம்ஸ் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர், நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊருக்கு மேலே நிலா எழுந்து நிற்பதைப் படம் எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படங்களில் உலகத்திலேயே அதிகம் பேசப்பட்டவற்றுள் அது ஒன்று. காரில் போய்க்கொண்டிருந்தவர் காட்சியைப் பார்த்ததும் நிறுத்தி, அவசரமாகக் கேமராவை நிறுத்தினார். ஒளியை அளக்கும் மீட்டரைத் தேடினால் கிடைக்கவில்லை. நிலாவின் வெளிச்சம் எவ்வளவு என்பது அவருக்கு எண்ணாகவே தெரிந்திருந்தது. அதை வைத்து மனதிலேயே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். அடுத்த படத்துக்குத் தயாராவதற்குள் ஊர் மேல் விழுந்த வெயில் போய்விட்டது. கிடைத்தது ஒரே ஒரு நெகட்டிவ்.

ஆனால் ஆடம்ஸுக்குத் தேதி எழுதி வைக்கும் பழக்கம் கிடையாது. எந்த வருடம் எடுத்தது என்று அவரே மாற்றி மாற்றிச் சொன்னார். கடைசியில் வானியல் தெரிந்தவர்கள் படத்தில் நிலா இருந்த இடத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்ற விடை 1991இல் வெளியானது. எடுத்தவரின் ஞாபகம் தவறியது, நெகட்டிவ் தவறவில்லை!

பிலிம் பொய் சொல்லாதா?

சொல்லும். தாராளமாகச் சொல்லும். ஒரே ப்ரேமில் இரண்டு முறை எக்ஸ்போஸ் செய்து, கோபுரத்தின் மேல் பூசணிக்காய் அளவுக்கு நிலாவை உட்கார வைப்பது பழைய வித்தை. பிரிண்ட் போடும்போது இருட்டறையில் கை வைக்கலாம். ஆடம்ஸே அந்த ஹெர்னாண்டஸ் படத்தின் வானத்தை வருடம் போகப் போக மேலும் மேலும் கறுப்பாக்கிப் பிரிண்ட் போட்டவர்தான்.

ஆனால் அந்தப் பொய்க்கு ஒரு ஆள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். செய்தவனுக்குத் தான் செய்தது தெரியும். போன் விஷயத்தில் எடுத்தவனுக்கே தெரியாது. மனதறிந்து பொய் சொல்லாத ஒருவன், பொய்யான படத்தை உண்மை என்று நம்பி நாலு பேருக்கு அனுப்புகிறான். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

டிஜிட்டல் என்றாலே மோசம் என்று சொல்வதும் சரியில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கிய சந்திரயான்-3 அனுப்பிய படங்கள் எல்லாம் டிஜிட்டல்தான். டிஜிட்டல் எஸ்எல்ஆர் வைத்திருப்பவர் ரா கோப்பாக எடுத்து வைத்தால் அதுவும் நல்ல வவுச்சர்தான். பிலிமுக்கு என்று தனியாக இருக்கும் பலம் வேறு. பின்னால் திரை கிடையாது, எடுத்ததை உடனே பார்க்க முடியாது. ஒவ்வொரு க்ளிக்குக்கும் காசு. அதனால் எடுப்பதற்கு முன்பே நிலா என்றால் என்ன என்று தெரிந்துகொண்டாக வேண்டும்.

நிலா இருட்டில் இல்லை

பிலிமில் முதல் தடவை நிலா எடுக்கிறவர்கள் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்றுதான். ராத்திரி ஆயிற்றே, வெளிச்சம் குறைவாயிற்றே என்று ஷட்டரை வினாடிக்கணக்கில் திறந்து வைப்பார்கள். கேமராவில் இருக்கும் மீட்டரும் அதையேதான் சொல்லும். அது பார்ப்பது ப்ரேம் முழுக்க நிறைந்திருக்கும் கறுப்பு வானத்தை. கழுவி வந்து பார்த்தால் நிலா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் இருக்கும்.

நமக்குத்தான் ராத்திரி. நிலாவில் நாம் பார்க்கும் பக்கத்தில் அப்போது நல்ல பகல். பௌர்ணமி நிலா என்பது உச்சி வெயிலில் கிடக்கும் ஒரு பெரிய கல். அதுவும் அவ்வளவு வெள்ளைக் கல் இல்லை. தன் மேல் படும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. கிட்டத்தட்டப் பழைய தார் ரோடு மாதிரி! சுற்றிலும் கறுப்பாக இருப்பதால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

எனவே வெயிலில் கிடக்கும் பொருளை எடுப்பது போலத்தான் எடுக்க வேண்டும். பழைய புகைப்படக்காரர்களின் சூத்திரம் சுலபமானது. அபெர்ச்சர் எஃப்/11. பிலிமின் ஐஎஸ்ஓ எண்தான் ஷட்டர் வேகம். ஐஎஸ்ஓ 100 பிலிம் என்றால் 1/125 வினாடி, 400 என்றால் 1/500 வினாடி. அடிவானத்தில் மஞ்சளாக இருக்கும்போது காற்றும் தூசியும் ஒளியைத் தின்றுவிடும் என்பதால் ஒன்றிரண்டு ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும். ஸ்டாண்டும் கேபிள் ரிலீஸும் இருந்தால் நல்லது.

இன்னொரு விஷயம். பௌர்ணமி அன்று சூரியன் நமக்குப் பின்னாலிருந்து நேராக நிலா மேல் அடிக்கிறது. அதனால் அங்கே நிழல் விழுவது நம் கண்ணுக்குத் தெரியாது. குழிகள் ஆழமாக, நிழலோடு தெரிவது அரை நிலா சமயத்தில்தான். பௌர்ணமிப் படம் என்று சொல்லி ஒருவர் நடு நிலாவில் நிழல் விழுந்த குழிகளைக் காட்டினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள் :)

பனவடலிசத்திரத்து வானம்

இதற்கெல்லாம் பெரிய ஊர் தேவையில்லை. சொல்லப்போனால் பெரிய ஊர் இடைஞ்சல். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற ரோட்டில் இருக்கும் பனவடலிசத்திரம் மாதிரி ஊர்தான் தோது. பெயரைப் பிரித்தாலே பனையும் வடலியும் சத்திரமும் வருகின்றன. ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தால் வானத்தை மறைக்க மாடிக் கட்டடம் கிடையாது. மேற்கே மலைத் தொடர்.

லென்ஸ் கணக்கை முதலில் பார்ப்போம். நிலா வானத்தில் அரை டிகிரி அகலம்தான். லென்ஸின் நீளத்தைச் சுமார் 110ஆல் வகுத்தால் பிலிமில் விழும் நிலாவின் அளவு கிடைக்கும். வழக்கமான 50 மி.மீ. லென்ஸில் அரை மில்லிமீட்டர்கூட வராது. 200 மி.மீ. லென்ஸில் 1.8 மி.மீ. 500 மி.மீ. இருந்தால் நாலரை மி.மீ. அடிவானத்தில் நிலா தாம்பாளம் மாதிரி பெரிதாகத் தெரிவது நம் மூளை செய்யும் வேலை. நெகட்டிவில் அடிவானத்து நிலாவும் உச்சி நிலாவும் ஒரே அளவுதான்.

அப்படியானால் பனை மரத்துக்குப் பின்னால் பெரிய நிலாவைக் காட்டும் படங்கள்? அதற்கும் அதே 110தான் கணக்கு. பனையின் கொண்டை 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 330 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது அது நிலா அளவுக்குச் சுருங்கிவிடும். அங்கே நின்று நீள லென்ஸில் எடுத்தால் கொண்டையும் நிலாவும் ஒரே அளவில் வரும். ஏமாற்றே இல்லை, நடந்து போய்ச் சரியான இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். காட்டில் கட்டடம் மறைக்காத 330 மீட்டர் கிடைக்கும். சென்னையில் மாடியில் நிற்பவருக்கு எங்கே கிடைக்கும்?

எந்த மரம் என்பதையும் மாதம்தான் முடிவு செய்யும். பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதால், தை மாதத்தில் வடகிழக்கு ஒட்டியும் ஆடி மாதத்தில் தென்கிழக்கு ஒட்டியும் எழும். தைப் பௌர்ணமிக்கு நின்ற இடத்தில் ஆடிப் பௌர்ணமிக்கு நின்றால் நிலா வேறு எங்கோ வரும். ஆடியில் இன்னொரு சிக்கல், தென்மேற்குப் பருவ மேகம். தை, மாசி, பங்குனிதான் வானம் தெளிவாக இருக்கும் மாதங்கள்.

நேரமும் முக்கியம். பௌர்ணமி அன்று சூரியன் இறங்கும்போது நிலா ஏறும், சீக்கிரமே தரை இருட்டிவிடும். நம் பக்கத்தில் அந்தி வெளிச்சம் இருபது நிமிஷத்துக்கு மேல் தாங்காது. நிலா தினமும் சராசரியாக 50 நிமிஷம் தாமதமாக உதிப்பதால், பௌர்ணமிக்கு முந்தின நாள் சூரியன் இறங்குவதற்குள்ளேயே நிலா மேலே வந்திருக்கும். தரையில் வெளிச்சம், வானத்தில் நிலா, இரண்டும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும். இதைவிட அருமையான நேரம் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிழக்கே எழும் சூரியன் மேற்கு மலையின் முகத்தில் அடிக்கும்போது, நிலா இன்னும் இறங்காமல் மலைக்கு மேலே நிற்கும். மலை மேற்கே இருக்கிற ஊர்க்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் காட்சி இது.

பக்கத்துச் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு உத்திராட நட்சத்திரத்தில், பௌர்ணமியை ஒட்டித்தான் வருகிறது. நிலாவைப் பார்த்து நாள் குறித்த ஊர்க்காரர்கள் நாம். இன்றைக்குத் தபசுக் காட்சிக்குக் கூடும் கூட்டத்தில் எல்லோர் கையிலும் போன். நிலா எந்தத் திசையில் எப்போது வரும் என்று கேட்டால் அதற்கும் போனைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கை நழுவிப்போனது படம் மட்டும்தானா என்று யோசிக்கத் தோன்றுகிறது.

காசு கணக்கு

இவ்வளவும் சரி, செலவு? இது நியாயமான கேள்வி. காலேஜ் படிக்கிறவர்களுக்குப் பிலிம் மலிவான சமாச்சாரம் இல்லை. ஒரு காலத்தில் நம் மாநிலத்திலேயே பிலிம் செய்தார்கள். 1960இல் ஊட்டியில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் "இந்து" என்ற பெயரில் பிலிம் விற்றது. அந்த ஆலை மூடியாகிவிட்டது. இப்போது கிடைப்பது வெளிநாட்டு ரோல்கள். கழுவுவதற்கும் பெரும்பாலும் வெளியூர் லேபுக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். ரோல், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 36 படத்துக்கு, படம் ஒன்று 50 ரூபாய். ஒரு க்ளிக் 50 ரூபாய் என்றால் கை தானாகவே யோசிக்கும்!

அதற்கு வழி இருக்கிறது. மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு கேமரா, ஒரு ரோல். பௌர்ணமிக்கு ஆளுக்கு மூன்று படம், மொத்தம் ஒன்பது. நாலு பௌர்ணமியில் ரோல் முடிந்துவிடும். ஆளுக்கு 600 ரூபாய், நாலு மாதத்துக்கு. மாதம் 150 ரூபாய். ரோலை வருடக்கணக்கில் கேமராவுக்குள் வைத்திருந்தால் நம் வெயிலுக்கு அது கெடும் என்பதால் நாலு மாதம் சரியான அளவும்கூட. கறுப்பு வெள்ளை ரோல் என்றால் வீட்டிலேயே கழுவலாம். வழக்கமாக 20 டிகிரி தண்ணீர் வேண்டும். கோடையில் நம் குழாய்த் தண்ணீருக்கு ஐஸ் கட்டி போட்டே ஆக வேண்டும்.

செலவு செய்ததற்கு லாபம் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். நிலா பூமிக்கு ஒரே தூரத்தில் இல்லை. கிட்டே வரும்போது சுமார் 3,57,000 கி.மீ., தள்ளிப் போகும்போது சுமார் 4,06,000 கி.மீ. கிட்டே வரும் பௌர்ணமியைத்தான் டிவியில் "சூப்பர் மூன்" என்று அமர்க்களப்படுத்துகிறார்கள். வெறும் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரிவது கஷ்டம். ஆனால் ஒரே 500 மி.மீ. லென்ஸில் வருடம் முழுக்க எடுத்த நெகட்டிவ்களை வரிசையாக வைத்து அளந்தால், நிலா 4.3 மி.மீ.யிலிருந்து 4.9 மி.மீ. வரை மாறுவது தெரியும். டிவிக்காரர் சொன்னதை நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அளந்து பார்த்துக்கொள்ளலாம். சொந்தக் கையால் எடுத்த வவுச்சர் இருக்கிறதே!

நாளைக்கு நிலாவோடு நிற்காது இந்த விவகாரம். ஆள் முகம், கூட்டம், விபத்து, வெள்ளம் என்று எல்லாப் படத்தையும் "தெளிவாக்கி"க் கொடுக்கக் கருவிகள் வந்துவிட்டன. எது லென்ஸ் வழியாக வந்தது, எது கைடிலிருந்து வந்தது என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் இல்லாதவர்கள் எதையும் நம்புவார்கள். இல்லாவிட்டால் எதையுமே நம்ப மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை ஆரம்பிக்க நிலா சௌகரியமான பொருள். காசு கேட்காது, அனுமதி கேட்காது, மாதம் ஒரு தடவை தவறாமல் வரும்.

வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ வாங்கி வைத்த ஸெனித், யாஷிகா, பென்டாக்ஸ் என்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஷட்டரையும் அபெர்ச்சரையும் கையால் வைக்க முடிந்தால் போதும். லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தால் துடைத்துத் தர இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம், ஊருக்கு வெளியே ஒரு பனையைப் பார்த்து வைத்துக்கொண்டு, எஃப்/11இல் மூன்றே மூன்று படம் எடுத்துப் பாருங்கள். ரோல் கழுவி வரும்வரை நன்றாக வந்ததா என்று தெரியாது. வந்த பிறகு, அது எப்படி இருந்தாலும், "நான் எடுத்தது" என்று தயங்காமல் சொல்லலாம்.